பிராட்வே: நாடகம் முடிந்தபின் ஸ்டேஜ் டோரில், அதாவது நடிகர்கள் வெளியே வரும் வாசலில், நிற்பது சரியா?

#1 மெட்ரோபார்க்_மீனா

வணக்கம் மக்களே. போன வெள்ளிக்கிழமை இரவு மகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் பிராட்வேயில் ஹேடிஸ்டவுன் இசை நாடகம் பார்த்துவிட்டு வந்தேன். எப்படி இருந்தது, வெளியே நடிகர்களைப் பார்க்க முடிந்ததா என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, கடைசியில் கேட்கிறேன்.

தியேட்டர் 48-ஆவது தெருவில் இருக்கும் வால்டர் கெர். 1921-இல் கட்டியது, ஆயிரம் இருக்கைக்கும் குறைவு. பிராட்வே கணக்கில் இது சின்னதுதான். நல்லது என்னவென்றால் நடு வரிசையிலிருந்தே நடிகர்களின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கெட்டது, முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியாது.

கதை கிரேக்கப் புராணம். ஓர்ஃபியஸ் ஒரு பாட்டுக்காரப் பையன். யூரிடிசி பசியோடும் குளிரோடும் ஊர் ஊராக அலைகிறவள். ஒரு கட்டத்தில் பசி தாங்காமல் அவள் பாதாளத்துக்குப் போய்விடுகிறாள். பாதாளம் என்றால் இங்கே தொழிற்சாலை, அதன் அரசன் ஹேடிஸ் ஒரு முதலாளி. ஓர்ஃபியஸ் பாடியே அங்கே போய்ச் சேர்ந்து, பாடியே அவளை விடுவிக்கிறான். நிபந்தனை ஒன்றுதான்: அவள் பின்னால் வருவாள், வெளியே போகும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. என் மகளுக்குப் பதின்மூன்று வயது, புராணம் தெரியாது. அவன் திரும்பிய நொடியில் "ஐயோ, ஏன்டா" என்று தமிழில் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன்வரிசையில் ஒரு பாட்டியம்மா திரும்பி அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

வாத்தியக்காரர்கள் குழிக்குள் இல்லை, மேடையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் பாட்டிலேயே டிராம்போன்காரர் கைதட்டலை அள்ளிக்கொண்டு போகிறார். ஓர்ஃபியஸ் பாதாளத்துக்கு இறங்கும் பாட்டில், தொங்கும் பெரிய விளக்குகளைத் தொழிலாளிகள் பிடித்துத் தள்ளிவிடுகிறார்கள். இருட்டில் அவை இப்படியும் அப்படியும் வீசி ஆடுகின்றன. அவ்வளவுதான் வித்தை. ஆனால் பக்கத்தில் மகள் என் கையைப் பிடித்தது இன்னும் வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே போகும்போது பிளேபில் என்ற நிகழ்ச்சிப் புத்தகம் கொடுத்தார்களா, அதற்குள் ஒரு வெள்ளைத் துண்டுத் தாள். யூரிடிசியாக இன்று வேறு ஒருவர் நடிக்கிறார் என்று. மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. வழக்கமாக நடிக்கிறவரின் பாட்டுகளை மாசக்கணக்கில் கேட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவள். ஆனால் இரண்டாவது பாட்டுக்குள் அந்தத் துண்டுத் தாள் அவளுக்கு மறந்தே போச்சு.

முடிந்ததும் வெளியே வந்து ஸ்டேஜ் டோர் பக்கம் நின்றோம். இரும்புத் தடுப்பு போட்டிருந்தார்கள், சுமார் முப்பது பேர் இருந்திருப்பார்கள். முதலில் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் கையசைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அப்புறம் யூரிடிசியாக நடித்த பெண் வந்தார். பெரிய கோட்டு, கம்பளித் தொப்பி, தோளில் துணிப்பை. மேடையில் பார்த்தவரா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சின்ன உருவம். கண் மையை முழுசாகத் துடைக்கவில்லை. பின்கழுத்தில் டேப் உரித்த இடம் சிவப்பாக நீளக் கோடு போட்டிருந்தது. "இன்றைக்கு நீங்கள்தான் என்று எப்போது தெரியும்?" என்று மகள் கேட்டாள். மதியம் சலவைக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்ததாகவும், ஈரத் துணியை அப்படியே பையில் அடைத்துக்கொண்டு ஓடிவந்ததாகவும் சொன்னார். "அந்தப் பைதான் இது" என்று தோளைத் தட்டிக் காட்டினார். கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை பிளேபில்லை விசிறிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது கேள்வி. வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆளை வாசலில் மறித்து நிற்பது என்ன பழக்கம்" என்கிறார். எனக்கும் அது கொஞ்சம் உறுத்துகிறது. அடிக்கடி போகிறவர்கள் சொல்லுங்கள், இது சரியா?

#2 நாற்காலி

உங்கள் வீட்டுக்காரர் கட்சி நான். நடிப்பைப் பார்த்தோம், எழுந்து நின்று கைதட்டினோம், கணக்கு முடிந்தது. அதற்கப்புறம் பின்வாசலில் காத்திருப்பது ரசிகர் மன்ற வேலை. பத்தரை மணிக்கு ஆபீஸ் விட்டு வரும்போது உங்களை முப்பது பேர் வாசலில் நிறுத்தினால் எப்படி இருக்கும்?

#3 சுண்டல்_பொட்டலம்

நாற்காலி சார், ஆபீஸில் உங்களைப் பார்க்க யாரும் இருநூறு டாலர் கொடுத்து வரவில்லையே. அந்தக் காசுக்கு ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? நான் போன வருஷம் ஒரு நாடகத்துக்குப் போய், குளிரில் முக்கால் மணிநேரம் நின்றேன். முக்கிய நடிகர் வேறு வழியாகப் போய்விட்டார் என்று காவலர் வந்து சொன்னார். எரிச்சலாக இருந்தது.

#4 இடைவேளை

நான் நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் இருக்கிறேன், தியேட்டர்கள் எல்லாம் நடக்கிற தூரம். பார்த்ததை வைத்துக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுண்டல், டிக்கெட் காசு நாடகத்துக்கு மட்டும்தான். வெளியே வந்து கையெழுத்துப் போடுவது நடிகர்களின் வேலையில் சேர்த்தி இல்லை. அதற்குச் சம்பளமும் கிடையாது. வாரத்துக்கு எட்டு ஆட்டம். பல நாடகங்களுக்குத் திங்கள் விடுமுறை. புதன், சனி இரண்டு ஆட்டம் என்பது பழைய வழக்கம், இப்போது நாடகத்துக்கு நாடகம் மாறுகிறது. எட்டு ஆட்டம் பாடுகிறவருக்குத் தொண்டைதான் சோறு. ஜனவரிக் குளிரில் நின்று முப்பது பேரோடு பேசுவது அந்தத் தொண்டைக்கு ஆகாது. அதனால் சிலர் வருவதே இல்லை. சிலர் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாற்காலி சார், நீங்கள் சொல்வதும் பாதிதான் சரி. யாரும் அவர்களை மறிப்பதில்லை. தடுப்பு போட்டிருப்பதே அவர்கள் விரும்பினால் நம் பக்கம் வரவும், விரும்பாவிட்டால் காருக்குப் போகவும்தான். நிறைய பேர் மனசோடுதான் வருகிறார்கள். குறிப்பாக மீனா அக்கா சந்தித்த மாதிரி, அன்று மட்டும் முக்கியப் பாத்திரம் கிடைத்தவர்கள். பெயர்ப் பலகையில் இல்லாத ஆள் தன் பெயரை யாரோ சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்கும் இடம் அதுதான். நான் நிற்பதே பெரும்பாலும் அவர்களுக்காகத்தான்.

2020 மார்ச் 12-ஆம் தேதி பிராட்வே மொத்தமாக மூடியது ஞாபகம் இருக்கும். 2021 இலையுதிர் காலத்தில் திரும்பத் திறந்தபோது ஸ்டேஜ் டோர் சந்திப்பே வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பியது. இன்றைக்கும் சில தியேட்டரில் உண்டு, சிலவற்றில் இல்லை, அதே தியேட்டரில் நேற்று இருந்தது இன்று இருக்காது. உள்ளே இருக்கை காட்டுகிறவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

#5 பனிக்கரடி

அண்டர்ஸ்டடி, ஸ்விங், ஸ்டாண்ட்பை என்கிறார்களே, என்ன வித்தியாசம்? எல்லாம் மாற்று ஆள்தானே?

#6 இடைவேளை

மாற்று ஆள்தான், ஆனால் வேலை வேறு. அண்டர்ஸ்டடி பெரும்பாலும் தினமும் கூட்டத்தில் ஒருவராக மேடையில் இருப்பார், தேவைப்பட்டால் முக்கியப் பாத்திரத்துக்கு மாறுவார். ஸ்டாண்ட்பை ஒன்றோ இரண்டோ பெரிய பாத்திரத்துக்கு மட்டும் தயாராகக் காத்திருப்பவர், மற்ற நாளில் மேடை ஏற மாட்டார். ஸ்விங்தான் என் கணக்கில் பெரிய ஆள். கூட்டத்தில் இருக்கும் பலருடைய ஆட்டம், பாட்டு, எந்தக் கதவு வழியாக நுழைவது, யாருக்கு எந்தக் கையைக் கொடுப்பது எல்லாவற்றையும் தலையில் வைத்திருப்பார். இன்று யாருக்குக் காய்ச்சலோ, அவர் இடத்தில் இவர்.

2021 டிசம்பரில் ஒமிக்ரான் பரவியபோது ஸ்விங்குகள் இல்லாவிட்டால் பாதி தியேட்டர் இருட்டாகிவிட்டிருக்கும். வின்டர் கார்டன் தியேட்டரில் தி மியூசிக் மேன் நாடகம் அப்போதுதான் முன்னோட்டக் காட்சிகளில் இருந்தது. டிசம்பர் 23 அன்று நாயகி சட்டன் ஃபாஸ்டருக்கு உடம்பு சரியில்லை. ஸ்விங்காக இருந்த கேத்தி வொய்ட்கோவுக்கு நண்பகலில்தான் தகவல் போனது, சில மணிநேர ஒத்திகையோடு இரவு நாயகியாக ஆடினார். முடிந்ததும் நாயகன் ஹியூ ஜாக்மேன் எல்லாரையும் நிறுத்தி, அவரையும் மற்ற ஸ்விங்குகளையும் பற்றி மேடையிலேயே பேசினார். அந்த வீடியோ உலகம் பூரா சுற்றியது.

இன்னொரு விஷயம், இது காசு விஷயம். துண்டுத் தாளைப் பார்த்ததும் டிக்கெட் கவுண்டருக்கு ஓடிப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்கள் உண்டு. நாடகத்தின் தலைப்புக்கு மேலே யாருடைய பெயர் போட்டிருக்கிறதோ, அவர் வராவிட்டால்தான் பணமோ வேறு தேதியோ தருவார்கள். மற்றவர்களுக்குக் கிடையாது. உள்ளே போய் உட்காருங்கள், பெரும்பாலும் நஷ்டமில்லை.

#7 சுண்டல்_பொட்டலம்

அப்படியானால் நான் போன அன்று அந்த நடிகர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை என்கிறீர்கள். சரி, ஆனாலும் குளிரில் நிற்க வைத்துவிட்டு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

#8 இடைவேளை

அதை ஒத்துக்கொள்கிறேன் சுண்டல். இரண்டு ஆட்டம் இருக்கும் நாளில் மதிய ஆட்டம் முடிந்து பலர் வெளியே வரவே மாட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று மணிநேரம். அதில் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, திரும்ப ஒப்பனை. பசியோடு நிற்கிற ஆளிடம் போய் கையெழுத்தா?

#9 மைக்_மணி

மீனா அக்கா பார்த்த அந்தச் சிவப்புக் கோடு பற்றி. நான் தொழில்முறை ஆள் இல்லை, எங்கள் ஊர் அமெச்சூர் குழுவில் மைக் மாட்டிவிடுவது என் வேலை. நடிகரின் மைக் அரிசிமணி அளவுதான் இருக்கும். நெற்றியில் தலைமுடி தொடங்கும் இடத்திலோ காது ஓரத்திலோ ஒட்டுவோம். ஒயர் முடிக்குள்ளே ஓடிப் பின்கழுத்து வழியாக இறங்கி முதுகில் கட்டிய டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். வியர்வையில் கழன்று விடாமல் இருக்க மருத்துவ டேப் போட்டு அழுத்துவோம். எட்டு ஆட்டம் ஒட்டி எட்டு முறை உரித்தால் தோல் என்ன ஆகும் என்று பாருங்கள். விக் வைப்பவர்கள் நெற்றியில் பசையின் தடமும் இருக்கும். ஸ்டேஜ் டோரில் செல்ஃபி எடுக்கும்போது பளிச்சென்று ஃபில்டர் போட்டு அதை அழிக்காதீர்கள், அதுதான் அழகு.

#10 ஸ்காபரோ_தம்பி

அண்ணைமார், அக்காமார், டொரொண்டோவில இருந்து நான். மீனாக்கா ஹேடிஸ்டவுன் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பிராட்வேக்கு வர முந்தி அது எங்கட நாட்டிலதான் பெரிய மேடை ஏறினது. அனாயிஸ் மிட்செல் என்ற பாட்டுக்காரி 2006-இல வெர்மான்டில சின்னக் குழுவோட தொடங்கினது, 2010-இல ஆல்பமாக வந்தது, 2016-இல நியூயோர்க்கில சின்ன அரங்கில நடந்தது. பிறகு 2017-இல எட்மண்டன் சிட்டாடல் தியேட்டர், அடுத்த வருஷம் லண்டன், 2019 ஏப்ரல் 17 பிராட்வே. அந்த வருஷம் சிறந்த மியூசிக்கல் உட்பட எட்டு டோனி விருது. ஒரு பாட்டுக்காரி பதின்மூன்று வருஷம் ஒரே கதையை விடாமல் பிடித்திருந்தா என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்று. ரஹ்மான் இசையமைத்த தி லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் மேடை நாடகம் 2006-இல டொரொண்டோ பிரின்சஸ் ஒஃப் வேல்ஸ் தியேட்டரிலதான் முதன்முதலாக அரங்கேறினது. ஃபின்லாந்துக் குழு வார்த்தினாவோட சேர்ந்து செய்தது. நான் அப்ப பள்ளிக்கூடப் பெடியன், மாமா கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணித்தியாலத்துக்கு மேல. மாமா நடுவில நித்திரை. எனக்கு மேடை சுழன்று எழும்பினது மட்டும்தான் இப்பவும் ஞாபகம். முடிந்த பிறகு பக்க ஒழுங்கையில நின்றோம், தடுப்பு ஒன்றும் இல்லை. பச்சைப் பூச்சு காதுக்குப் பின்னால மிச்சம் இருந்த ஒருவர் சிகரெட் கேட்டார். மாமாவிடம் இருந்தது, கொடுத்தார். அதோட மாமாவுக்கு அந்த நாடகம் பிடித்துவிட்டது.

#11 பழைய_ஆள்_ஃப்ளஷிங்

தம்பி ரஹ்மான் பேச்சை எடுத்ததால் நானும் சொல்கிறேன். அவர் இசையமைத்த பாம்பே ட்ரீம்ஸ் நாடகம் பிராட்வேக்கு வந்தபோது பார்த்தவன் நான். 2004 ஏப்ரல் 29-இல் தொடங்கியது, தியேட்டரின் பெயரே பிராட்வே தியேட்டர், 53-ஆவது தெரு முனையில். பிராட்வே தியேட்டர்கள் என்று நாம் சொல்லும் 41-இல் பெரும்பாலானவை குறுக்குத் தெருக்களில்தான் இருக்கின்றன, அந்தப் பெயர்கொண்ட சாலைமேல் நிற்பவை கொஞ்சம்தான். ஐந்நூறு இருக்கையோ அதற்கு மேலோ இருந்தால் பிராட்வே என்பது கணக்கு, சாலை அல்ல.

லண்டனில் அது இரண்டு வருஷம் ஓடிய நாடகம். இங்கே 284 ஆட்டத்தோடு 2005 ஜனவரி 1-ஆம் தேதி திரையை இறக்கிவிட்டார்கள். விமர்சனங்கள் சுமாராகத்தான் வந்தன. மேடையில் நீரூற்று பீச்சி அடிக்க, நனைந்த சேலையோடு கூட்டமாக ஆடுவார்கள், அதற்கு மட்டும் வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மதுர் ஜாஃப்ரி அதில் நடித்தார் தெரியுமோ? சமையல் புத்தகமாகவே அவரை அறிந்திருந்த என் மனைவி நம்பவே இல்லை.

அன்று ஸ்டேஜ் டோர் வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். ஜெர்சியிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பங்கள். கூட்டத்தில் ஆடிய ஒரு பையன் வெளியே வந்ததும் ஒரு மாமி டிபன் டப்பாவைத் திறந்து முறுக்கை நீட்டிவிட்டார். பாவம், அவன் வாங்கிக் கடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான், பிளேபில்லில் எண்ணெய் விரல்ரேகையும் சேர்ந்து கிடைத்தது. இன்றைக்கு அது சரிப்படாது என்று நினைக்கிறேன். அப்போது எங்களுக்கு அந்த மேடையில் நம்ம முகம் தெரிந்ததே போதும் என்றிருந்தது. 2021-இல் அலாதின் நாடகத்தில் ஜாஸ்மினாக ஷோபா நாராயணும் அலாதினாக மைக்கேல் மலியக்கலும் சேர்ந்து நடித்தார்கள், யாரும் அதைப் பெரிய செய்தியாகக்கூடப் பேசவில்லை. அது நல்லதுதான்.

#12 மெட்ரோபார்க்_மீனா

பழைய ஆள் சார், முறுக்குக் கதை படித்து வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அதையே கேட்க நினைத்தேன், சாப்பிட ஏதாவது கொடுக்கலாமா? மகள் குக்கீ செய்து எடுத்துப் போகலாம் என்கிறாள்.

#13 இடைவேளை

வீட்டில் செய்தது வேண்டாம் அக்கா. முகம் தெரியாதவர் கொடுத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள், வாங்கிக் குப்பையில் போட வேண்டிய சங்கடம்தான். பாப்பா ஒரு கடிதம் எழுதட்டும், முடிந்தால் படமும் வரையட்டும். அதைத் தங்கள் டிரஸ்ஸிங் ரூம் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற நடிகர்கள் நிறைய பேர். கையில் கொடுக்க முடியாவிட்டால் ஸ்டேஜ் டோர் காவலரிடம், நடிகர் பெயர் எழுதி உறையில் கொடுத்தாலும் போய்ச் சேரும்.

மார்க்கரும் சொல்லிவிடுகிறேன். ஹேடிஸ்டவுன் அட்டை கறுப்பு, சிவப்புப் பூ. கறுப்பு மார்க்கர் அதில் தெரியாது, வெள்ளி நிறம் எடுத்துப் போங்கள். மூடியைக் கழற்றித் தயாராக நீட்டுங்கள். பிளேபில்லை உள்ளே திறந்து நீட்டாமல் அட்டையை நீட்டினால் அவருக்குச் சுலபம்.

#14 நாற்காலி

எல்லாரும் நல்ல விதமாகவே சொல்கிறீர்கள். கையெழுத்து வாங்கி ஆன்லைனில் விற்கிற கூட்டத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே?

#15 மெட்ரோபார்க்_மீனா

நான் போன அன்று இருந்தார்கள் சார். கை நிறைய போஸ்டர் சுருட்டி வைத்துக்கொண்டு ஒருவர், என் மகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அந்த நடிகை அவரைப் பார்த்து, "யாருக்கு என்று பெயர் எழுதட்டும்?" என்று கேட்டார். போஸ்டர்காரரோ, பெயர் வேண்டாம், கையெழுத்து மட்டும் போதும் என்றார். நடிகை சிரித்துவிட்டு ஒன்றில் மட்டும் போட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

#16 இடைவேளை

அது பழைய தந்திரம். பெயர் எழுதினால் விலை போகாது. சில நடிகர்கள் இதனாலேயே அன்றைய நாடகத்தின் பிளேபில்லில் மட்டும் போடுவார்கள், பழைய படங்களின் போட்டோவைத் தொட மாட்டார்கள்.

கையெழுத்து வேண்டும், காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பிராட்வே கேர்ஸ் என்ற அமைப்பு. எய்ட்ஸ் நோயால் 1980-களில் இந்தத் தெருவே ஆட்களை இழந்தபோது நாடகக்காரர்கள் தொடங்கியது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள் ஆட்டம் முடிந்ததும் நடிகர்கள் வேடத்தோடேயே சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குள் வாசலருகே நிற்பார்கள். குழு முழுதும் கையெழுத்திட்ட போஸ்டரும் பிளேபில்லும் அங்கே விற்பார்கள், பணம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. அந்த நேரத்தில் போனால் வாளியில் ஐந்து டாலர் போட்டுக்கொண்டே ஹேடிஸ் வேடத்தில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசலாம். வெளியே குளிரில் நிற்கவும் வேண்டாம்.

#17 நாற்காலி

இது எனக்குப் பிடித்திருக்கிறது. வாளி என்றால் நானும் வருவேன்.

#18 பனிக்கரடி

ஹாமில்டன் நாடகத்தில் டிக்கெட்டுக்கு லாட்டரி குலுக்கும்போது தெருவிலேயே நடிகர்கள் பாடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் உண்டா?

#19 இடைவேளை

அது முடிந்த கதை. 2015-இல் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் தியேட்டர் வாசலில் பத்து டாலர் டிக்கெட்டுக்குக் குலுக்கல் நடக்கும். சீட்டு கிடைக்காமல் போகிறவர்கள்தானே அதிகம், அவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நாடகத்தை எழுதிய லின்-மேனுவல் மிராண்டா ஆட்களைக் கூட்டிவந்து ஐந்து நிமிஷம் பாடவும் ஆடவும் வைப்பார். கூட்டம் 46-ஆவது தெருவையே அடைத்துவிட்டது, குலுக்கலை ஆன்லைனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஐந்து நிமிஷக் காட்சிகள் யூடியூபில் கிடக்கின்றன, பாருங்கள். அவர்களாகவே மனசோடு கொடுத்த பரிசு அது, யாரும் கேட்டு வாங்கியது இல்லை.

முன்வரிசையைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் வழக்கம் அதற்கு முன்னால் 1996-இல் ரென்ட் நாடகத்தில் வேரூன்றியது. முன் இரண்டு வரிசை இருபது டாலர், அதற்காக இரவெல்லாம் நடைபாதையில் படுத்தார்கள். இப்போது கைப்பேசியிலேயே குலுக்கல். இல்லாவிட்டால் டைம்ஸ் ஸ்கொயரை ஒட்டிய டஃபி சதுக்கத்தில் சிவப்புப் படிக்கட்டுக்குக் கீழே டிகேடிஎஸ் என்ற டிக்கெட் சாளரம், அன்றைய டிக்கெட் பாதி விலைவரை குறையும்.

#20 சுண்டல்_பொட்டலம்

டிகேடிஎஸ் நல்ல யோசனை. நான் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் வாங்கி, இரண்டு மடங்கு கொடுத்து, தூணுக்குப் பின்னால் உட்கார்ந்த கதை தனியாக இருக்கிறது. அந்த எரிச்சலோடுதான் வெளியே நின்றேன், அதனால்தான் நடிகர் மேல் கோபம் அதிகமோ என்னவோ.

#21 மைக்_மணி

எல்லாரும் நடிகர்களைப் பற்றியே பேசுகிறோம், பார்க்க வருகிறவர்கள் என்ன லட்சணம் என்றும் சொல்ல வேண்டாமா? 2015 ஜூலையில் பூத் தியேட்டரில் ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் மேடை ஏறி, அங்கே அலங்காரத்துக்கு வைத்திருந்த பொய் பிளக்கில் தன் ஃபோன் சார்ஜரைச் செருகிவிட்டார். கரண்டே வராத பிளக்! இசையை நிறுத்தி அவரை இறக்கிவிட்டுத்தான் தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட பிறகு எங்கள் குழுவில் பொய் பிளக்குகளை எல்லாம் சோபாவுக்குப் பின்னால் மறைத்துவிட்டோம்.

#22 ஸ்காபரோ_தம்பி

மணி அண்ணை, பகிடி இல்லையே? உண்மையாகவா?

#23 மைக்_மணி

சத்தியமாக. அவர் பின்னால் நிருபர்களைக் கூட்டி மன்னிப்பே கேட்டார்.

#24 பனிக்கரடி

என் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார், எழுபது வயது, கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடுவார். ஹேடிஸ்டவுன் கூட்டிப் போகலாமா? முழங்கால் வலி உண்டு. ஆங்கிலம் பேசினால் புரியும், வேகமாகப் பாடினால் புரியாது. முடிந்தபின் நடிகர்களைப் பார்க்கவும் ஆசைப்படுகிறார்.

#25 இடைவேளை

தாராளமாகக் கூட்டிப் போங்கள். இந்தப் பழைய தியேட்டர்களில் மெஸனைன் என்கிற நடு மாடிக்கும் பால்கனிக்கும் லிஃப்ட் இருக்காது, படிதான், அதுவும் செங்குத்தாக. அதனால் கீழ்த்தளத்தில் ஓர ஸீட் எடுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. மதிய ஆட்டமாக இருந்தால் அவருக்கு நல்லது. இடைவேளையில் பெண்கள் கழிவறை வரிசை படிக்கட்டு வரை நீளும், விளக்கு வந்த உடனே அவரை எழுப்பிக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் பாதியின் முதல் பாட்டு போய்விடும்.

வசனத்துக்கு கேலாப்ரோ என்று ஒரு செயலி இருக்கிறது. பாடுவதும் பேசுவதும் கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுத்தாக ஓடும், திரை கறுப்பாக இருப்பதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கண் கூசாது. ஹேடிஸ்டவுனுக்கு இருக்கிறதா என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நடிகர்களைப் பார்ப்பதுதான் சிக்கல். மதிய ஆட்டம் என்றால் வெளியே வர மாட்டார்கள், இரவு ஆட்டம் என்றால் அவர் நிற்க வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள். இரவுதான் என்றால் தடுப்பின் கடைசி முனையில் நில்லுங்கள், கூட்டம் முன்னாலேயே முட்டும். காவலரிடம் முழங்கால் வலி என்று சொன்னால் சாய்ந்து நிற்க இடம் காட்டுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

#26 பழைய_ஆள்_ஃப்ளஷிங்

மாமியார் பாடுகிறவர் என்றால் நாடகம் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். வணக்கம் சொல்லி முடித்த பிறகும் எல்லாரும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பாட்டு பாடுகிறார்கள். பாதிப் பேர் அதற்குள் கோட்டைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

#27 பனிக்கரடி

கேட்டுவிட்டேன். "முழங்கால் கிடக்கட்டும், அந்த டிராம்போன்காரரைப் பார்க்காமல் நான் ஊருக்குப் போக மாட்டேன்" என்கிறார். மீனா அக்கா எழுதியதைப் படித்துக் காட்டியதன் விளைவு. வியாழன் இரவு, கீழ்த்தளம், ஓர ஸீட் எடுத்தாயிற்று. வாத்தியக்காரர்களும் அதே வாசல் வழியாகத்தான் வருவார்களா?

#28 இடைவேளை

அதே வாசல்தான். ஆனால் அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடுவார்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றே நினைத்திருப்பார்கள். நீளமான பெட்டி தெரிந்ததும் நீங்கள் கூப்பிட்டுவிடுங்கள்.